எதிரிக்குக் கொடுக்கும் நெருப்பு

எங்கள் கப்பலைக் கண்டதும் கரையில் நின்றவர்கள் குனிந்து கல் பொறுக்கினார்கள்.

அது நாங்கள் பிறந்த தீவு. மழை பொய்த்து, பார்லி கருகி, ஆடுகள் ஆலிவ் மரப்பட்டையைக் கடிக்கத் தொடங்கியபோது சபை கூடியது. இரண்டு மகன்கள் உள்ள வீட்டிலிருந்து ஒருவன் கப்பலேறி, தெற்கே லிபியாக் கரையில் புது ஊர் அமைக்க வேண்டும் என்றது. பெயர் கீறிய பானையோட்டுத் துண்டுகளை ஒரு தலைக்கவசத்தில் போட்டுக் குலுக்கினார்கள். எங்கள் வீட்டில் என் துண்டு விழுந்தது. நிலம் அண்ணன் லைகோனுக்கு. போகிறவன் திரும்பினால் ஊரே அழியும் என்று மெழுகு பொம்மைகளை உருக்கிச் சத்தியம் செய்தோம். எல்லோரும் பொம்மையைப் பார்த்தார்கள். லைகோன் என் கம்பளிப் போர்வையைப் பார்த்தான்.

சபை மண்டபத்தில் அணையாமல் எரியும் ஊர் அடுப்பிலிருந்து தணல் எடுத்து, சாம்பலில் புதைத்து, ஒரு சட்டியில் கொண்டுபோனோம். புது ஊரின் அடுப்பு அதில்தான் பற்ற வேண்டும். கல்லைத் தட்டி எடுக்கும் நெருப்பு கூழ் காய்ச்ச உதவும். ஊரைத் தொடங்க உதவாது. கிரீட் தீவைத் தாண்டியதும் ஓர் அலை கப்பலுக்குள் இறங்கிச் சட்டியை நிரப்பியது. உடனே எல்லோரும் துடுப்பை விட்டுவிட்டார்கள். அந்த நெருப்பு இல்லாமல் போய் இறங்கினால் நாங்கள் வெறும் கொள்ளைக்கூட்டம். தலைவன் பிராக்சோன் கப்பலைத் திருப்பச் சொன்னான்.

"இறங்க வரல," என்று அவன் கரையை நோக்கிக் கத்தினான். "நெருப்பு அணைஞ்சு போச்சு. ஒரு சட்டி தணல் குடுங்க, போயிடறோம்."

"இன்னைக்கு நெருப்பு, நாளைக்கு பொண்ணு கேப்பீங்க," என்றான் ஒருவன். கரை சிரித்தது.

சட்டியில் உலர்ந்த சாம்பலும் கரியும் போட்டுக்கொண்டு நான் இடுப்பளவு தண்ணீரில் இறங்கினேன். லைகோன் முன்னால் வந்தான். தோளில் என் போர்வை.

"அங்கேயே நில்லு, தெல்லிஸ். மண்ணுல கால் வெச்சா மண்டை உடையும்."

"கடல்லதான் நிக்கறேன். கடலும் உன் பாகத்துல வந்துச்சா அண்ணே?"

"எல்லாம் அணைஞ்சும் வாய் மட்டும் அணையல பாரு."

"சட்டிய நீயே வாங்கிட்டுப் போய் நிரப்பிக் குடு."

"குடுத்தா அதையும் தொலைச்சிட்டு வருவ. அப்பாவோட கழுதைய தொலைச்சவன்தானே நீ."

"கழுதைய வித்துத் தின்னது நீ."

மறுபடியும் சிரிப்பு. இந்த முறை அவனைப் பார்த்து. அவன் எறிந்த கல் என் தோளில் பட்டது.

அதற்குள் மண்டபத்திலிருந்து பந்தங்கள் வந்துவிட்டன. எதிரிக் கப்பல் வந்தால் ஊர் அடுப்பில் பந்தம் கொளுத்தி எறிவது எங்கள் வழக்கம். லைகோன் ஒன்றைப் பிடுங்கி உயர்த்தினான்.

"நெருப்புதானே கேட்ட? ஊர் அடுப்புல கொளுத்தினது. எதிரிக்கு நாங்க குடுக்கறது இதுதான்."

என் தலைக்குக் குறிவைத்து எறிந்தான். நான் விலகவில்லை. பந்தம் முன்கையில் மோதித் தண்ணீரைத் தொடுவதற்குள், எரியும் பக்கத்தையே பிடித்துச் சட்டிக்குள் திணித்தேன். பந்தத்தில் பூசிய தார் உருகி உள்ளங்கையில் ஒட்டியது. கரி பற்றியது.

கரையில் ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. பிறகு பூசாரி தலையில் அடித்துக்கொண்டார். "அட மடையா, நீயே குடுத்துட்டியே."

லைகோன் தண்ணீருக்குள் பாய்ந்து வந்தான். சட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு கப்பலை நோக்கி நடந்தேன். அவன் பின்னாலிருந்து என் கழுத்தை இறுக்கினான். பிராக்சோன் துடுப்பால் அவன் வாயில் அடித்த பிறகுதான் பிடி விட்டது. சட்டியை முதலில் மேலே வாங்கினார்கள், பிறகு என்னை.

"வேணும்னேதான் நெருப்பக் குடுத்திருப்பான்பா," என்றான் என் பக்கத்தில் துடுப்புப் போட்டவன். "கூடப் பொறந்தவன் இல்லையா."

என் கழுத்தைக் காட்டினேன்.

லைகோன் தண்ணீரில் நின்றபடி ரத்தத்தைத் துப்பிவிட்டு மறுபடியும் கல் எடுத்தான். கப்பல் எட்டாத தூரம் போன பிறகும் எறிந்துகொண்டே இருந்தான்.