புதன்கிழமை ராகு காலம்

அன்வரி பேகம் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறி வருவதைப் பார்த்ததும் அனந்தராமன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். தி. நகரில் மத்திய சுகாதார இணை மந்திரி அய்யாதுரையின் அலுவலகம் அது. நேற்று வரை நிற்க இடமில்லை. இன்றைக்கு ஈ, காக்கை இல்லை. வாசல் போலீஸ்காரர்கூட போய்விட்டார். ஆட்சிக்கு இன்னும் இரண்டு வருஷம் பாக்கி இருக்கிறது. ஆனால் நேற்று மத்தியானம் டெல்லியிலிருந்து ஒரு போன், சாயங்காலம் டிவியில் பதவி இழந்த மந்திரிகள் பட்டியல், அதில் நாலாவதாக அய்யாதுரை. அவ்வளவுதான்.

பதவி போனது மந்திரிக்கு. உதவியாளர் அனந்தராமன் ராத்திரி தூங்காததற்குக் காரணம் வேறு. ராயப்பேட்டை அன்வரியின் மகளுக்கு இதயத்தில் ஓட்டை. டெல்லி ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குப் பதினாலு மாதம் கழித்துத்தான் தேதி. அதுவரை தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மந்திரி கடிதம் கொடுத்தால் தேதி முன்னால் வரும். அந்தக் கடிதத்தை நேற்றுப் பன்னிரண்டு மணிக்கு மேல் மந்திரியின் முன்னால் வைத்தவரும் இவர்தான், அவர் பேனாவைத் திறந்ததும் வெடுக்கென்று இழுத்துக்கொண்ட புண்ணியவானும் இவர்தான்.

"புதன்கிழமை சார். ஒன்றரை வரைக்கும் ராகு காலம். கொழந்தை விஷயம், நல்ல நேரத்துல போடுங்கோ."

"யோவ், நான் பதவி ஏத்ததே ராகு காலத்துலதான்யா!" என்று சிரித்தார் அய்யாதுரை. சிரித்தாலும் பேனாவை மூடிவிட்டார். ஒரு மணிக்குப் போன் வந்தது. ஒன்றேகாலுக்கு அவருடைய கார் விமான நிலையத்துக்குக் கிளம்பிவிட்டது. இன்று காலை அனந்தராமன் போனில் கெஞ்சியபோது, "இனிமே என் கையெழுத்து செல்லாக்காசுய்யா" என்றார்.

அன்வரி உட்காரவில்லை. "டிவில பாத்தேன் சார். ஆனா நம்ம லெட்டர் அதுக்கு முன்னாடியே ஆயிருக்கும்ல?"

பொய் சொல்ல வழி இருந்தது. போன் முந்திக்கொண்டது என்றால் யார் கேட்கப் போகிறார்கள்? மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற குழந்தையைப் பார்த்தார், முடியவில்லை.

"ஆகலைம்மா. அவர் போடத்தான் வந்தார். நேரம் சரியில்லேன்னு நான்தான் தடுத்துட்டேன்."

திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டியிருந்தால் தேவலை. அவள் முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நல்லது நெனச்சுத்தானே சார் செஞ்சீங்க," என்றாள். பாவி, அந்த ஒரு வார்த்தையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "புது மந்திரி யாரு சார்? அவரு வூடு எங்க கீது?"

வடநாட்டுக்காரர், வீடு டெல்லியில், நீளமான பெயர். அனந்தராமன் ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தார். அன்வரிக்குப் படிக்கத் தெரியாது, மகளிடம் நீட்டினாள்.

இருவரும் இறங்கினார்கள். படிக்குப் படி நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு, குழந்தை அந்தப் பெயரைத் துண்டு துண்டாகப் படித்தது. அம்மா ஒவ்வொரு துண்டையும் பின்னாலேயே சொல்லி மனப்பாடம் செய்துகொண்டே போனாள்.