பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்

சக்கரபாணி பெருமுக்கல் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிரிடுகிறவர். எழுபது வயதாகியும் கணக்கிலோ பேச்சிலோ தடுமாற்றம் கிடையாது. மூத்திரம் அடைத்துக்கொண்டதால் 1986-இல் விழுப்புரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் அவருக்கு ஆபரேஷன் நடந்தது. மறுநாள் காலை கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தார். மூத்திர டியூபைப் பிடித்து இழுத்தார்.

"திண்டிவனம் பஸ்ஸு கெளம்புது, வுடுங்கடா!"

மகன் சின்னதுரை பயந்துபோய், துண்டால் அவர் கைகளைக் கட்டிலோடு கட்டப் போனான். மயக்க மருந்து கொடுத்த டாக்டர் காந்திமதி தடுத்தார்.

"கட்டாதீங்க, இன்னும் மிரளுவாரு. இது பைத்தியம் இல்ல. வயசானவங்க சில பேருக்கு ஆபரேஷனுக்கப்புறம் இப்படி ஆகுது. ஏன்னுதான் நான் ஆராய்ச்சி பண்றேன். கண்ணாடிய மாட்டி விடுங்க. வீட்டு ஆளு ஒருத்தர் பக்கத்துலயே இருந்து பேசுங்க."

மனைவி கிருஷ்ணவேணி கட்டிலருகே வந்து நின்றாள். மாட்டிவிட்ட கண்ணாடி வழியே சக்கரபாணி அவளை உற்றுப் பார்த்தார்.

"எங்கம்மா போகணும் நீங்க?"

நாற்பது வருஷத்தில் அவளை அவர் 'நீங்க' என்றதில்லை. 'ஏ' என்பதுதான் வழக்கம்.

"பெருமுக்கலுக்குங்க."

"நம்ப ஊருதான். ஏன் நின்னுக்கினே கீறீங்க, குந்துங்க. சாப்டீங்களா? ஊட்டுக்காரரு வரலியா?"

"வருவாருங்க."

"வர்ற வரைக்கும் நான் இருக்கேன். பயப்படாதீங்க."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். டியூபை இழுப்பதை விட்டார்.

இரண்டு நாளில் தெளிந்துவிட்டது. "ஏ, தண்ணி குடு ஜல்தி" என்று அதட்டினார். சின்னதுரை சிரித்தேவிட்டான். அவளுக்கும் உயிர் வந்தது. ஆனால் எதையோ கைநழுவ விட்டதுபோலவும் இருந்தது.

"அப்ப என்ன பேசினாரும்மா?" என்று டாக்டர் விசாரித்தார்.

"பஸ்ஸப் பத்திதாங்க," என்று நிறுத்திக்கொண்டாள்.

ஊர் திரும்பி ஒரு மாதம் கழித்து, அவள் விதைக்கு மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தபோது அவரே கேட்டார்.

"ஆஸ்பத்திரில இன்னாத்த ஒளறனேன்? பையன் சொல்ல மாட்றான்."

"என்னய வேற யாரோன்னு நெனச்சிக்கினு, குந்துங்கன்னு சொன்னீங்க. சாப்டீங்களான்னு கேட்டீங்க."

"உன்னயா?"

"என்னயத்தான்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். டாக்டரிடம் மறைத்ததை இவரிடம் சொல்லிவிட்டோமே என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தாள். அவர் போகவில்லை. குவியலிலிருந்து ஒரு கை அள்ளித் தன் மடியில் போட்டு உடைக்க ஆரம்பித்தார்.