லவோன் பெயரில் இருந்த பற்கள்

ஹார்லன் ஊர்க் கல்லூரியில், பல் உதவியாளர் படிப்பு நடக்கும் பின்கட்டிடத்தில், ஒரு கண்ணாடி அலமாரி இருக்கிறது. அதில் உள்ள, மாணவிகளின் வாயில் அச்செடுத்து வார்த்த இருநூற்றுப் பதினொரு பிளாஸ்டர் வாய்களும் தங்கள் சொந்தக்காரர்களோடு சேர்ந்தே வயதாகின்றன. அலாஸ்காவுக்குப் போன ஒருத்திக்கு அங்கே பல் உடைந்தால் அதே நேரத்தில் இங்கே அலமாரியில் 'டிக்' என்று சத்தம் கேட்கும். போய்ப் பார்த்தால் ஒரு வெள்ளைப் பல் தனியாகக் கிடக்கும். தங்க உறை போட்டுக்கொண்டால் பிளாஸ்டரிலும் தங்கம் ஏறும். அந்தத் தங்கம் எங்கிருந்து வருகிறது என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. இதை முதன்முதலில் கவனித்தவர் ஆசிரியை திருமதி ஹால்வர்சன். 1994 மார்ச்சில் ஒரு பழைய மாணவியின் முன்பல் விழுந்ததைப் பார்த்து, தேதியை நோட்டில் குறித்துக்கொண்டு அவளுக்கு ஃபோன் செய்தார். அவள் ஐடஹோவில் குதிரையிலிருந்து விழுந்து அப்போதுதான் எழுந்து உட்கார்ந்திருந்தாள். "இங்க வா, மாணவர் கிளினிக்கில் சும்மாவே கட்டிவிடறோம்" என்றார் ஹால்வர்சன். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. பல் விழுந்தால் அன்றைக்கே ஃபோன் போகும், பழைய மாணவி வருவாள், புதிய மாணவிகள் அவள் வாயில் கை பழகுவார்கள். கல்லூரியின் வருடாந்திர அறிக்கையில் 'முன்னாள் மாணவர் சேவை' என்ற தலைப்பில் இது ஒரு வரியாக வரும்.

இந்தப் படிப்புக்கு எப்படிப்பட்டவர்கள் வருகிறார்கள் என்றால், பழக் கிடங்குக் குளிரில் ஆப்பிள் பொறுக்கி விரல் வெடித்தவர்கள், நெடுஞ்சாலை உணவகத்தில் தட்டு தூக்கியவர்கள், புருஷன் போனவர்கள், புருஷன் போகமாட்டேன் என்று உட்கார்ந்திருப்பவர்கள். இரண்டு வருஷம் படித்தால் ஒரு பட்டம், ஒரு நீல உடுப்பு, குளிராத அறையில் ஒரு வேலை, எல்லாவற்றுக்கும் மேலாகப் பல்லுக்கும் சேர்த்து மருத்துவக் காப்பீடு. வருகிறவர்களில் பாதிப் பேர் சிரிக்கும்போது கையால் வாயை மறைக்கிறவர்கள். அடுத்தவர் வாயைப் பார்க்கப் படிக்க வந்தவர்கள் தங்கள் வாயைக் காட்டக் கூசுவார்கள். முதல் பருவத்தின் ஆறாவது வாரத்தில், ஒருவர் வாயில் ஒருவர் அச்செடுக்கும் நாளில், அந்தக் கூச்சம் போய்விடும். பச்சை நிற அச்சுப் பசையைக் குழைத்துத் தட்டில் அப்பி வாய்க்குள் அமுக்கி, எதிரே இருப்பவளின் எச்சில் முழங்கை வரை வழியும்போது கூச்சப்பட ஏது நேரம்?

ஒத்திலியா 1999இல் அப்படி வந்தவள். பதினோரு வருஷம் கிடங்கில் நின்றவள், இரண்டு பிள்ளைகள், முப்பத்துநாலு வயது. அவளுக்கு ஜோடியாக வாய்த்தவள் லவோன். பேச ஆரம்பித்தால் வாய் மூடாதவள், அவளுக்கும் ஒரு மகன். லவோனின் இடது மேல் கோரைப்பல் கொஞ்சம் திரும்பி, பக்கத்துப் பல்லோடு கோபித்துக்கொண்ட மாதிரி நிற்கும். அச்செடுத்த அன்று ஒத்திலியா தட்டை உள்ளே வைத்ததும் லவோன் மூக்கால் பேச ஆரம்பித்தாள்.

"ஏய், இது என்னடி புதினா வாசம்? சவரக் கிரீமை வாயில வச்சு அடச்சிட்டியா?"

"பேசாதடி! அச்சு கெட்டுப்போகும்."

"என் வாய மூடவச்ச மொத ஆளு நீதான். என் புருஷனாலகூட ஆகல."

இருவரும் சிரித்த சிரிப்பில் தட்டு ஆடியது, இரண்டாம் முறை எடுக்கவேண்டி வந்தது. ஹால்வர்சனின் சட்டம் ஒன்றுதான்: தட்டு வாயைவிட்டு வெளியே வந்ததும் முதல் வேலை பெயர் எழுதுவது, பிறகுதான் மற்றதெல்லாம். ஒத்திலியா சிரித்துக்கொண்டே அதை மறந்தாள். அதே மேசையில் ஷெரில் என்ற இன்னொரு மாணவியின் அச்சும் பெயரில்லாமல் கிடந்தது. ஷெரிலுக்குத் தலைவலி, ஊற்றிவிடச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். ஒத்திலியா இரண்டிலும் பிளாஸ்டரை ஊற்றினாள். மறுநாள் இறுகியதைப் பிரித்தபோது எது யாருடையது என்று தெரியவில்லை. அன்றைக்கு அவள் கண்ணுக்குப் பல் எல்லாம் வெறும் பல்தான். டீச்சரிடம் போய்ச் சொல்லக் கூச்சப்பட்டு, குத்துமதிப்பாக ஒன்றில் லவோன் என்றும் இன்னொன்றில் ஷெரில் என்றும் பென்சிலால் எழுதி அலமாரியில் வைத்தாள்.

அதைவிடப் பெரிய தவறு பின்னால் வந்தது. 2001 ஏப்ரலில், பட்டத்துக்கு ஆறு வாரம் இருக்கும்போது, கருவிகளை ஆட்டோகிளேவ் என்ற நீராவிப் பெட்டியில் போட்டுச் சுத்திகரிக்கும் முறை லவோனுடையது. மகனுக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து ஆள் வந்தது. "நீ போ, நான் ஓட்டிடறேன்" என்றாள் ஒத்திலியா. லவோன் பதிவேட்டில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினாள். ஒத்திலியா உறைகளை அடுக்கினாள், கதவைச் சாத்தினாள், அவளை ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போகிற காரில் ஹாரன் அடித்தார்கள், பொத்தானை அமுக்காமலே போய்விட்டாள். மறுநாள் மூன்று நோயாளிகளுக்குக் கருவி வைத்த பிறகுதான் சூட்டில் கறுக்கவேண்டிய உறை ஓரத்துக் கோடு நிறம் மாறாமல் இருந்ததை யாரோ பார்த்தார்கள். நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஓட்டாத பெட்டியை ஓட்டியதாகக் கையெழுத்துப் போட்டவளுக்குப் படிப்பில் இடமில்லை, அது விதி. விசாரணை அறையில் லவோன் ஒத்திலியாவை ஒரு முறை பார்த்தாள். ஒத்திலியா மேசையில் இருந்த தண்ணீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தால் மறுபடியும் கிடங்கு, மறுபடியும் குளிர். அவள் திறக்கவில்லை. லவோனும் எதுவும் சொல்லாமல் நீல உடுப்பை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு வெளியேறினாள்.

ஒத்திலியா பட்டம் வாங்கினாள். சும்மா சொல்லக்கூடாது, நல்ல வேலைக்காரி. கல்லூரியே அவளைப் பயிற்சிக்கூடத்துக்கு எடுத்துக்கொண்டது. 2005இல் ஹால்வர்சன் ஓய்வு பெற்றதும் அலமாரிச் சாவி அவள் கைக்கு வந்தது, ஃபோன் செய்யும் வேலையும் கூடவே வந்தது. படிப்பை முடிக்காதவர்களின் பற்களைத் தூக்கிப்போட ஹால்வர்சனுக்கு மனம் வந்ததில்லை, லவோன் என்று எழுதியதும் அங்கேயே இருந்தது. ஒவ்வொரு காலையும் ஒத்திலியா முதலில் அதைத்தான் துடைப்பாள். அது நன்றாக இருந்தது. 2006இல் கீழ்க் கடைவாயில் தங்கம் ஏறியது. அடுத்த வருஷம் நெருக்கியடித்து நின்ற கீழ்ப்பற்கள் மாதம் மாதமாக வரிசைக்கு வந்தன, யாரோ நல்ல மருத்துவர் கம்பி போட்டிருக்கவேண்டும். கடைசிப் பல்லும் நேரான அன்றைக்கு ஒத்திலியா வீட்டில் தமாலே என்ற சோளமாவுக் கொழுக்கட்டை அவித்துக் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தாள். என்ன விசேஷம் என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றாள். 'நல்லா இருக்கா. நம்மளவிட நல்லா இருக்கா. இப்பப் போய் பழசைக் கிளறி என்ன ஆகப்போகுது?' இப்படி நினைத்துக்கொண்டே அவளுக்கு வருஷங்கள் ஓடின.

ஷெரில் என்று எழுதியதுதான் பாவம். 2003இல் ஒரு கடைவாய்ப் பல், 2006இல் முன்பல் இரண்டு, பிறகு வருஷத்துக்கு ஒன்று, சில வருஷம் மூன்று. ஒவ்வொரு தடவையும் ஷெரிலின் பழைய எண்ணுக்கு ஃபோன் போனது. அந்த எண் யாரோ டயர் கடைக்காரருக்குப் போயிருந்தது. "அம்மா, எனக்குப் பல்லெல்லாம் நல்லா இருக்கு, ஆள விடுங்க" என்பார் அவர். கடிதங்கள் திரும்பி வந்தன. விழுந்த பற்களை ஒத்திலியா ஒரு மாத்திரைப் பெட்டியில் போட்டுவைத்தாள். "எந்நேரமும் சோடாவும் கையுமா இருந்தா, வேற என்ன ஆகும்?" என்று புது மாணவிகளுக்கு அதைக் காட்டிப் பாடம் நடத்தினாள். அவர்கள் நடுங்கிப்போய் இரண்டு வேளையும் பல் தேய்த்தார்கள். ஒரே ஒரு பல் மட்டும் விழாமல் நின்றது. இடது மேல் கோரைப்பல், கொஞ்சம் திரும்பியது. ஒத்திலியா அதைப் பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய். பார்த்தாள், ஒரு தடவைக்கு மேல் பார்த்தாள். பார்த்த ஒவ்வொரு தடவையும் துடைக்கிற துணியைக் கொஞ்சம் வேகமாக ஓட்டினாள்.

2018 செப்டம்பரில், ஊரெல்லாம் பீருக்குப் போடும் ஹாப்ஸ் பூ காயும் வாசனையில் கிடந்த வாரத்தில், ஒரு பெண் தன் மகளைப் படிப்பில் சேர்க்க வந்தாள். நல்ல சட்டை, நல்ல தலைமுடி. ஒத்திலியாவைப் பார்த்ததும் இரண்டு கையையும் விரித்தாள்.

"என்ன, அடையாளம் தெரியலயா? ஷெரில்டி! தலைவலி ஷெரில்! ஐடஹோவுல, பாய்சில இருக்கேன், அவரு வீடு கட்டி விக்கறாரு."

வாய் நிறையச் சிரித்தாள். கீழ்ப்பற்கள் வரிசையாக நின்றன. கடைவாயில் தங்கம் மின்னியது. ஒவ்வொரு காலையும் தான் துடைத்துவந்த பற்களை ஒத்திலியா அடையாளம் கண்டாள். வந்தவளை உட்காரவைத்து, காபி கொடுத்து, மகளின் விண்ணப்பத்தை நிரப்பி, வாசல்வரை போய் வழியனுப்பினாள். பிறகு அலமாரியைத் திறந்து மாத்திரைப் பெட்டியைக் கையில் கொட்டினாள். இருபத்தாறு இருந்தன. ஐயோ, இருபத்தாறு ஃபோன்! லவோனின் எண் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவள் நாற்பது நிமிஷத் தூரத்தில்தான் இருந்தாள்.

அந்தச் சனிக்கிழமை ஒத்திலியா புது அச்சுத் தட்டு, பசை, பிளாஸ்டர் எல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டு போனாள். லவோன் ஹாப்ஸ் தோட்டத்துக்குப் பின்னால் ஒரு தகரக்கூண்டு வீட்டு வாசலில் மடக்கு நாற்காலி போட்டு, வெந்த சோளக்கதிர்களிலிருந்து கத்தியால் மணிகளைச் சீவிக்கொண்டிருந்தாள். கன்னங்கள் உள்ளே போயிருந்தன. ஆளைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

"வா. பதினேழு வருஷமா வழி தெரியலயாக்கும்?"

ஒத்திலியா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ஆட்டோகிளேவைச் சொன்னாள், கார் ஹாரனைச் சொன்னாள். அழுகை வந்தது, அதோடேயே சொன்னாள். லவோன் சோளம் சீவுவதை நிறுத்தவில்லை.

"தெரியும்டி. மறுநா காலைல மொத ஆளா வந்து கைய வச்சுப் பாத்தேன். ராத்திரி ஓட்டுன பெட்டி வெதுவெதுன்னு இருக்கும்ல? அது ஐஸா கெடந்துச்சு. கோடு மாறலன்னு சொன்னப்பதான் எனக்கு அது ஒறைச்சுது."

"அப்ப ஏன் சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு இருந்தேன்." கத்தியைத் துடைத்தாள். "ஒரு வாரம் இருந்தேன். ஒரு மாசம் இருந்தேன். அப்புறம் ஜூஸ் ஃபாக்டரியில ஆள் எடுத்தாங்க, போயிட்டேன்."

பெயர் மாறிய கதையையும் ஒத்திலியா சொன்னாள். அதைக் கேட்டபோதுதான் லவோன் கத்தியைக் கீழே வைத்தாள்.

"மத்தவளுக்கெல்லாம் ஃபோன் வரும்னு கேள்விப்பட்டேன். கூடப் படிச்சவ ஒவ்வொருத்தியும் சொல்லுவா, பல்லு போச்சு, அரமணி நேரத்துல கூப்பிட்டாங்கன்னு. எனக்கு ஒண்ணொண்ணு விழும்போதும் அந்த ஃபோனுக்குப் பக்கத்துல உக்காந்திருப்பேன். படிப்ப முடிக்காதவ பல்லெல்லாம் கணக்குல வராதுபோலன்னு நெனச்சுக்கிட்டேன்."

ஒத்திலியா பையிலிருந்து தட்டை எடுத்தாள். அதில் லவோன் என்று வீட்டிலேயே எழுதிக்கொண்டு வந்திருந்தாள். முழுப் பல்செட்டு, எல்லாம் தன் பொறுப்பு, ஒரே மாதத்தில் கதிரோடு சோளம் கடிக்கலாம் என்றாள். லவோன் தட்டில் இருந்த தன் பெயரைப் படித்தாள்.

"பல்லு வச்சுக்கலாம், வேணாங்கல. பெரியாஸ்பத்திரியில சீட்டுப் போட்டு வச்சிருக்கேன், எப்பவாச்சும் கூப்பிடுவாங்க. ஒங் கை என் வாய்க்குள்ள வேணாம், ஒத்திலியா." கோபமாகச் சொல்லவில்லை. ஒரு கிண்ணத்தில் சோளமணியும் வெண்ணெயும் போட்டு நீட்டினாள். ஒத்திலியா அதைத் தின்று முடித்த பிறகு லவோன் எழுந்து கார்வரை வந்து, பை கதவில் மாட்டிக்கொள்ளாமல் எடுத்துவைத்தாள்.

திங்கட்கிழமை ஒத்திலியா துறைத்தலைவரிடம் போய் 2001 ஏப்ரலைப் பற்றி எழுத்தில் கொடுத்தாள். அவர் அந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தவர். பதிவேடுகள் எல்லாம் எப்போதோ கிழித்துப்போட்டாகிவிட்டன, செய்வதற்கு ஒன்றுமில்லை, சொன்னதற்கு நன்றி என்றார். ஒத்திலியா அலமாரிக்கு வந்து, இரண்டு பெயர்களையும் அழித்து மாற்றி எழுதினாள். பத்தொன்பது வருஷத்துப் பென்சில் முழுதாக அழியவில்லை, லவோனுக்கு அடியில் ஷெரில் இன்னும் மங்கலாகத் தெரிகிறது.

அடுத்த மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தே கால் மணிக்கு, வகுப்பு நடக்கும்போதே 'டிக்' என்று கேட்டது. ஒத்திலியா போய்ப் பார்த்தாள். திரும்பி நின்ற கோரைப்பல் அலமாரித் தட்டில் படுத்திருந்தது. கையுறையைக் கழற்றிவிட்டு ஃபோன் செய்தாள். முதல் மணியிலேயே எடுத்தார்கள்.

"ஆமாடி," என்றாள் லவோன். "இப்பதான்."

ஃபோனை வைத்துவிட்டாள். ஒத்திலியா தேதியை நோட்டில் குறித்தாள், பல்லை மற்ற இருபத்தாறோடு சேர்த்தாள். வகுப்பில் ஷெரிலின் மகள் பசை இறுகுகிறது என்று கத்திக்கொண்டிருந்தாள். "பேர எழுதினியா?" என்று கேட்டுக்கொண்டே ஒத்திலியா உள்ளே போனாள்.