அந்தியா, அத்தியா?

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கல்ல. மாடி வீட்டில் குடியிருக்கும், தட்டச்சு வேலை பார்த்து ஓய்வுபெற்ற அம்மாள் சொன்னது. முதலில் இப்படித்தான் ஆரம்பித்தேன்: "நான்கு மதில்களுக்கு நடுவே கவிஞர் உலவிய அந்தத் தோட்டத்தில் வசந்தம்..."

வசந்தம் வந்ததும் எனக்கே கொட்டாவி வந்தது. விட்டுவிட்டேன்.

2

கவிஞர் இறந்து முப்பது வருடம். அவர் உயிராய் நேசித்த மதில் தோட்டம் புதர் மண்டிக் கிடந்தது. அதைச் சீர்செய்து திறந்திருந்தார்கள். அம்மாள் மகளோடு பார்க்கப் போனார். கவிதைகளைப் படித்துப் படித்து, எந்தச் செடி எங்கே இருந்திருக்கும் என்று யோசித்து நட்டவள் தோட்டக்காரி. (அவளை ஆணாக எழுதிப் பார்த்தேன். மண்வெட்டியோடு முறைத்தாள். மாற்றிவிட்டேன்.)

அன்றைக்கு அங்கே சண்டை. மதிலோரம் அவள் நட்டிருந்த அத்திமரத்தின் வேர் அஸ்திவாரத்தை நோக்கிப் போகிறது, வெட்டியே ஆகவேண்டும் என்று கொத்தனார் ஒற்றைக்காலில் நின்றார்.

"'அத்தி நிழலில் அமர்ந்திருந்தேன்'னு அவரே எழுதியிருக்காரு. முதல்ல என்னை வெட்டுங்க!" என்றாள் தோட்டக்காரி.

மகள் சும்மா இருக்கவில்லை. "எங்கம்மாதான் அந்தக் கவிதையை டைப் அடிச்சாங்க. அவங்களையே கேளுங்க."

3

கவிஞர் எழுதியது "அந்தி நிழலில்". விரல் தவறி அது "அத்தி" ஆகிவிட்டது. புத்தகம் வந்த பிறகுதான் அம்மாள் கவனித்தார். இத்தனை வருடம் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. கவிஞர் காலத்தில் அந்தத் தோட்டத்தில் அத்திமரமே இருந்ததில்லை.

[முடிவு ஒன்று: அம்மாள் வாயைத் திறக்கவில்லை. மரம் பிழைக்கிறது, மதில்... வேண்டாம்.]

[முடிவு இரண்டு: உண்மை வருகிறது, மரம் சாய்கிறது, தோட்டக்காரி... எழுதக் கை வரவில்லை.]

4

நடந்தது இதுதான். "தப்பு என்னோடதும்மா" என்று அம்மாள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மூன்று வருடம் அந்த மரத்துக்குத் தண்ணீர் ஊற்றியவளின் முகம் தொங்கிப்போயிற்று. அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆனா புத்தகத்தைப் பார்த்துட்டு அவர் என்னைக் கூப்பிட்டாரு. 'இருக்கட்டும்மா, ஒரு மரம் வெச்சாப் போச்சு'ன்னு சிரிச்சாரு. வைக்கிறதுக்குள்ள போய்ச் சேர்ந்துட்டாரு."

கொத்தனார் தலையைச் சொறிந்தார். "சின்ன மரம்தானே? வேரோட எடுத்து நடுவுல வெச்சிரலாம். குழி நானே தோண்டுறேன்."

தோண்டினார். மரம் இரண்டு மாதம் இலையை உதிர்த்து எல்லோரையும் மிரட்டிவிட்டுத் துளிர்த்தது. நானே போய்ப் பார்த்தேன்.

5

"நிஜமாவே கவிஞர் அப்படிச் சொன்னாரா?" என்று அம்மாளிடம் கேட்டேன். ஈரப் போர்வையின் ஒரு முனையை என்னிடம் நீட்டி, "இழுத்துப் பிடி" என்றார். பிழிந்து முடித்த பிறகு பதில் சொன்னார். அதை இங்கே எழுதினேன், அடித்துவிட்டேன். தோட்டம் தினமும் காலையில் திறக்கிறது. போய் அந்த நிழலில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். அப்புறம் நான் அடித்துவிட்ட அந்த வரியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.