விட்டு வைத்த இடம்

“கையில யாரோ எதையோ வைக்கப் போறாங்கன்னு நெனச்சுக்குங்க. உள்ளங்கைய மேல பாத்த மாதிரி திருப்புங்க,” என்றாள் பிசியோதெரபிப் பெண். அக்கா முழங்கையை இடுப்போடு ஒட்டிக்கொண்டு இடது கையைத் திருப்பினாள். கட்டைவிரல் கூரையைப் பார்த்தது, அங்கிருந்து வெளிப்பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்தது, பிறகு எதிலோ இடித்துக்கொண்டதுபோல் நின்றுவிட்டது. அந்தப் பெண் மெல்ல அழுத்திப் பார்த்துவிட்டுக் கையை விட்டாள். “போன மாசமும் இவ்வளவுதான். இனிமே பெருசா திரும்பாதும்மா. சமைக்கலாம், துணி பிழியலாம், பக்கெட் தூக்கலாம். அதுக்கெல்லாம் கஷ்டமில்ல.” அக்கா தலையாட்டினாள். தான் வயலின் வாசிப்பவள் என்று அந்தப் பெண்ணிடம் அவள் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் அதற்கும் ஒரு பதில் வந்துவிடுமே என்ற பயம்.

அதே ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில்தான் அக்காவுக்கு வேலை. ஈரத்தரையில் வழுக்கியபோது கையை ஊன்றிவிட்டாள். மணிக்கட்டில் தகடு வைத்துத் திருகாணி போட்டார்கள். எலும்பு கூடியது, வேலைக்கும் திரும்பினாள். போர்வை மடிக்க அந்தக் கை போதும். வயலினைத் தாடைக்கடியில் வைத்தபோதுதான் சங்கதி தெரிந்தது. விரல்கள் தந்திகளின் மேல் கவிய வேண்டுமானால் கை தன் பக்கமாகத் திரும்பியாக வேண்டும். திரும்பாத கைக்கு, விரலோரம் இருக்கும் மெல்லிய தந்தி மட்டும் எட்டியது. அதிலும் சுண்டுவிரல் ஒத்துழைக்கவில்லை. தடித்த தந்திகள் அக்கரையில் கிடந்தன. ஒரே ஒரு முறை முயன்று பார்த்துவிட்டு வயலினைப் பெட்டியோடு பரணில் ஏற்றிவிட்டாள்.

வீட்டில் அவளும் தம்பியும்தான். கல்யாணம் சரிப்பட்டு வராமல் திரும்பியவள் அவள். கல்யாணப் பேச்சையே எடுக்கவிடாதவன் அவன். பஸ் ஓட்டுகிறான். சின்ன வயதில் இருவருக்கும் அப்பா ஆளுக்கொரு வயலின் வாங்கித் தந்தார். அன்றிலிருந்து சேர்ந்து வாசிக்கும்போது பாட்டின் மெட்டு போகும் மேல்வரி அக்காவுக்கு, அதற்கு அடியில் ஒத்துப்போகும் கீழ்வரி தம்பிக்கு. மற்ற நேரமெல்லாம் எலியும் பூனையும்தான். குழாயைச் சரியாக மூடவில்லை என்பதற்கே இரண்டு நாள் பேசாமல் இருப்பார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் எதிரெதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தால், அவள் மூச்சை இழுக்கும்போதே அவன் வில் எழும். அவள் எங்கே இழுப்பாள், எங்கே ஓடுவாள் என்பதெல்லாம் அவளைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும்.

அவள் விழுந்த பிறகு அவனும் வீட்டில் வயலினைத் தொடவில்லை. முதலில் அது அவளுக்கு ஆறுதலாக இருந்தது. போகப்போக அந்த ஞாயிற்றுக்கிழமைகளைத் தாங்க முடியவில்லை. அவன் டிவியைப் போட்டுவிட்டு அதைப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பான். அவள் கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவுவாள். ‘வாசியேன்டா’ என்று நாக்கு நுனிவரை வரும். வாசித்தால் தாங்குவோமா என்ற யோசனையில் உள்ளேயே போய்விடும்.

அன்று பிசியோதெரபி முடிந்து ஆஸ்பத்திரி வாசலில் ஏறிய பஸ்ஸில் கண்டக்டர் அவளை உற்றுப் பார்த்தார்.

“நீங்க வயலின் டிரைவரோட அக்காதானே? மூக்கே சொல்லுது.”

“வயலின் டிரைவரா?”

“நாங்க அப்படித்தான் கூப்பிடறது. மத்தியானம் கடைசி ஸ்டாப்புல வண்டியப் போட்டுட்டு வாசிப்பாரே. அதக் கேட்டாத்தான் எங்களுக்குச் சோறு எறங்குது. ஒரே மாதிரிதான் இருக்கும். நடுநடுவுல நிறுத்திட்டு சும்மா உக்காந்திருப்பார். என்ன கணக்கோ, நமக்குப் புரியாது. ஆனா நல்லாருக்கும்.”

அக்காவுக்கு முகம் சுட்டது. தனக்காக நிறுத்திவிட்டான் என்று எத்தனை முறை மனதுக்குள் அவனுக்கு நன்றி சொல்லியிருக்கிறாள். நேரில் நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று முடிவு செய்தாள். இறங்கவேண்டிய இடம் வந்தது. அவள் இறங்கவில்லை.

கடைசி நிறுத்தத்தில் பஸ்கள் வரிசையாக வெயிலில் நின்றன. சுவரோரம் சாப்பிட்டுக் கொண்டிருந்தவர்கள் நகர்ந்து வழிவிட்டார்கள். ஒரு பஸ்ஸுக்குள்ளிருந்து வாசிப்பு கேட்டது. அதன் படிவரை வேகமாக வந்தவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

அவர்கள் எப்போதும் முதலில் எடுக்கும் பாட்டு அது. ஆனால் அவன் வாசித்தது கீழ்வரியை மட்டும். போன சுரத்துக்கே திரும்பி வரும், எதற்கோ காத்து நிற்கும், யாரையோ முன்னே போகவிட்டுப் பின்னால் வரும். தெரியாதவர்களுக்கு அது பாட்டாகவே படாது. அவள் தனியாக ஓடவேண்டிய இடம் வந்ததும் தந்தியிலிருந்து வில்லை எடுத்துவிட்டான். பாதம் மட்டும் தரையில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது. அந்த மௌனத்தில் தன் வரி முழுவதும் அவளுக்குக் கேட்டது. பையின் வாரில் அவள் விரல்கள் தாமாக அழுந்தின. வரி முடிந்த இடத்தில், ஒரு நூல் பிசகாமல், அவன் வில் மறுபடி இறங்கியது.

கேட்க நினைத்த நாலு வார்த்தையும் எங்கோ போய்விட்டன. ஏறினாள். அவளைப் பார்த்ததும் அவன் எழுந்தான்.

“எத்தன நாளா?”

“உன் கட்டு பிரிச்சதுலேர்ந்து.”

“வீட்ல வாசிக்க என்ன கேடு?”

“நான் வாசிப்பேன், நீ சும்மா உக்காந்திருப்பே. அத என்னால பாக்க முடியாதுக்கா.”

“ஊரே கேக்குது. நான் மட்டும் கேக்கக் கூடாதாக்கும்.”

அவன் வில்லைத் தளர்த்தப் போய், பிறகு விட்டுவிட்டான்.

“என் வரியையும் சேத்து நீயே வாசிக்கலாமில்ல. மனப்பாடமாச்சே உனக்கு.”

“தெரியும்,” என்றான். ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். “அத நான் வாசிச்சுட்டா, அப்புறம் நீ எங்க வந்து உக்காருவே?”

அவள் முன்சீட்டில் உட்கார்ந்தாள். “இனிமே திரும்பாதாம்டா. இன்னைக்குச் சொல்லிட்டாங்க,” என்றாள். வாய்விட்டுச் சொன்னபோதுதான் அது நிஜமாக ஆனதுபோல் இருந்தது. அவன் வயலினையும் வில்லையும் அவளிடம் நீட்டினான்.

அவள் வாங்கித் தாடைக்கடியில் வைத்தாள். மெல்லிய தந்தியில் முதல் சுரம் பிசிறில்லாமல் வந்தது. இரண்டாவது, மூன்றாவதும் வந்தன. நாலாவதுக்குச் சுண்டுவிரல் நீண்டு, எட்டாமல் காற்றில் நடுங்கியது. மணிக்கட்டுக்குள் சுளீரென்று இழுத்தது. கீறலாக ஒரு சத்தம் வந்து நின்றது. மறுபடி முதலிலிருந்து எடுத்தாள். அதே இடத்தில் நின்றது.

“வண்டி எடுப்பீங்களா, இல்ல கச்சேரிதானா?” படியில் பை சுமந்த ஒரு பெண். அவளுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர்.

“ஏறுங்கம்மா, எடுக்கறேன்.”

வயலினை அவளிடமே விட்டுவிட்டு அவன் தன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தான். ஆட்கள் ஏறினார்கள், சில்லறை குலுங்கியது, யாரோ ஜன்னலைத் தள்ளித் திறந்தார்கள். என்ஜின் உறுமிப் பிடித்ததும் பஸ் முழுவதும் அதிர்ந்தது. மடியில் கிடந்த வயலினின் நான்கு தந்திகளும், யாரும் தொடாமலே, மெல்ல முனக ஆரம்பித்தன. அடக்குவதற்காக அக்கா இடது கையைக் கொண்டுபோனாள். தந்திகளுக்குச் சற்று மேலே, பாதி திரும்பியபடி, அடக்க மனமில்லாமல் அந்தக் கை அப்படியே நின்றது.