பெல்ஸ்கியிடம் வசவு வாங்கியவர்கள்

ஒரே இசைத்தட்டை இரண்டு முறை வாங்குகிறவன் சேகரிப்பாளன் அல்ல, மளிகைக்காரன். இந்த உண்மையை மனித குலத்துக்கு முதன்முதலாக அறிவித்தவர் பிட்ஸ்பர்க் நகரத்துப் பல் டாக்டர் லோவல் ட்ரெஸ்லர். பெரும்பாலும் வாயைப் பிளந்து படுத்திருந்தவர்களிடம்தான் அறிவித்தார் என்பதால் இதுவரை யாரும் மறுத்ததில்லை.

அவர் சேகரித்தது ஒரே ஒருவருடைய தட்டுகளை. ஐரா பெல்ஸ்கி. பியானோவில் ஷோபானை வாசித்துச் சபையைக் கண்கலங்க வைத்துவிட்டு, அடுத்த நிமிடமே மைக்கைப் பிடித்து முன்வரிசைக்காரர்களின் மானத்தை வாங்குகிற மனிதர். வானொலியில் அவர் திட்டாத ஆள் கிடையாது. கடைசியில் ஆஸ்பத்திரியில் தன் டாக்டரைத் திட்டிக்கொண்டிருந்தபோது செத்துப்போனார். அதற்குப் பிறகு ஆறு வருஷம் ஓடிவிட்டது.

மாதத்தின் இரண்டாவது ஞாயிறு மதியம், லோவல் வீட்டு நிலவறையில் பெல்ஸ்கி வட்டம் கூடும். உறுப்பினர் நான்கு பேர், நாற்காலி மூன்று. பெல்ஸ்கி வாயால் வசவு வாங்கியவருக்குத்தான் நாற்காலி என்பது விதி. சவ அடக்கம் செய்து கொடுக்கும் தொழிலிலிருந்த க்ளிஃப் மன்கூஸோவின் காலை ஒரு ஹோட்டல் லிஃப்டில் பெல்ஸ்கி மிதித்திருந்தார். "மன்னிப்புக் கேக்கணும்னா காலை எடுக்கணும். சோம்பலா இருக்கு" என்றாராம். பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்த பெர்னி ஃபைன், மாணவனாக இருந்தபோது பெல்ஸ்கிக்குத் தொலைபேசி செய்திருக்கிறார். "ராங் நம்பர். சரியான நம்பரா இருந்தாலும் ராங் ஆளு" என்று பதில் வந்தது. அன்று முதல் பெர்னி தலை நிமிர்ந்து நடக்கிறார்.

ஆனால் சாய்வு நாற்காலி லோவலுக்குத்தான். அவருடைய வசவு எழுத்தில் இருந்தது. 1951-ல் கச்சேரி முடிந்து வரிசையில் நின்று, ஷோபான் வால்ட்ஸ் தட்டை நீட்டியபோது, பெல்ஸ்கி அவர் முகத்தை நாலு விநாடி உற்றுப் பார்த்துவிட்டு லேபிளில் பச்சை மையால் எழுதிக் கொடுத்தார்: "காது கேளாமை முகத்திலும் தெரியும் என்பதை உங்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஐ. பெ."

இந்த ஒரு வரியைப் பற்றி லோவல் பன்னிரண்டு பக்கக் கட்டுரை எழுதி, வட்டத்தின் செய்தி மடலில் மூன்று தவணையாக வெளியிட்டார். பீத்தோவனுக்கும் காது கேட்காது என்பது கட்டுரையின் சாரம். தட்டு இரும்புப் பெட்டியில் இருந்தது. வருஷத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து, கையுறை போட்டுக்கொண்டு காட்டுவார். அப்போது முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி வைத்துக்கொள்வார், பெல்ஸ்கி பார்த்த கோணம் அதுதான் என்பதால்.

நான்காவது ஆள் எமில் ஹுடாக். டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். அதே 1951-ல் அதே வரிசையில் லோவலுக்குப் பின்னால் ஏழெட்டு பேர் தள்ளி நின்றிருக்கிறார். கையில் தட்டு இல்லை, வாங்க வசதி இல்லை. பெல்ஸ்கி அவருக்குச் செய்தது மன்னிக்க முடியாத காரியம். கையைப் பிடித்துக் குலுக்கி, "இவ்வளவு நேரம் உக்காந்து கேட்டதுக்கு நன்றி, தம்பி. பத்திரமா வீட்டுக்குப் போ" என்று சொல்லிவிட்டார். அதனால் எமில் படிக்கட்டின் கடைசிப் படியில், தானே கொண்டு வந்த குஷனைப் போட்டு உட்கார்ந்தார். பதினோரு வருஷமாக.

எமிலுக்கு இன்னொரு வியாதியும் இருந்தது. பெல்ஸ்கியின் தட்டு எங்கே கிடந்தாலும் வாங்கிவிடுவார், ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. வால்ட்ஸ் தட்டு மட்டும் ஒன்பது வைத்திருந்தார்.

"ஒம்பது எதுக்குப்பா? பால் கறக்குமா?" என்பார் லோவல்.

"மழையில வெளிய பொட்டியில போட்டு வச்சிருந்தாங்க, லோவல். விட்டுட்டு வர மனசு வரல."

"க்ளிஃப், கேட்டியா? இவரு அனாத ஆசிரமம் நடத்துறாரு."

மன்கூஸோ சிரிப்பார். பெர்னி சிரிப்பார். எமிலும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, தான் செய்து கொண்டு வந்த ஹாம் சாண்ட்விச்சை எல்லோருக்கும் நீட்டுவார்.

ஏப்ரல் மாதக் கூட்டத்துக்கு எமில் மூச்சு வாங்க வந்தார். லோவலின் மனைவி ஈடித் கதவைத் திறந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் நேரே கீழே இறங்கிவிட்டார். கையில் ஒரு பழுப்புக் காகிதப் பை.

"லோவல், உங்க வீட்டுல திருடன் எதுவும் வந்தானா?"

"என்ன ஒளறுற?"

"ஹோம்ஸ்டெட் சர்ச்ல பழைய சாமான் விக்கிறாங்க. ஒரு லாண்டரிக்காரரு எறந்துட்டாரு, அவரு வீட்டுச் சாமான். அதுல இது கெடந்துச்சு. பாத்ததும் யாரோ உங்க பொட்டியை ஒடச்சுட்டாங்கன்னு நெனச்சேன். சட்டுன்னு வாங்கிட்டு ஓடி வந்தேன்."

பையிலிருந்து எடுத்து நீட்டினார். ஷோபான் வால்ட்ஸ். லேபிளில் பச்சை மை. காது கேளாமை முகத்திலும் தெரியும் என்பதை உங்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஐ. பெ.

லோவல் எழுந்து போய் இரும்புப் பெட்டியைத் திறந்தார். பூட்டு பத்திரமாக இருந்தது. தட்டும் பத்திரமாக இருந்தது. அது காணாமல் போயிருக்கக் கூடாதா என்று ஒரு கணம் அவருக்குத் தோன்றியது. கையுறை போட மறந்து எடுத்து வந்தார். மேஜை மேல் இரண்டையும் அருகருகே வைத்தார்கள். அதே பச்சை. அதே சாய்வு. 'பெ'வுக்குப் பின்னால் அதே நீண்ட புள்ளி.

"ரெண்டு பொட்டி, உள்ள ஒரே பொணம்" என்றார் மன்கூஸோ. தொழில் பேச்சு வாயில் வந்துவிட்டது.

பெர்னி மூக்கால் சிரிக்க ஆரம்பித்தார். "அப்ப அந்த நாலு விநாடி? லாண்டரிக்காரருக்கும் அதே மூஞ்சியா?"

எமில் இரண்டு தட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். திருட்டுப் போகவில்லை என்ற நிம்மதி முகத்தில் அப்போதுதான் வந்திருந்தது. அதற்கு மேல் அவர் யோசிக்கவில்லை. லோவல் யோசித்துவிட்டார். இருபத்தேழு வருஷம், பன்னிரண்டு பக்கம், சாய்வு நாற்காலி எல்லாம் அந்த மேஜை மேல் கிடந்தன.

"எமில்," என்றார் மெதுவாக, "இதை யாரு எழுதினது?"

"அவருதான். ஐரா."

"நாற்காலி வேணும்னா கேட்டிருக்கலாமே. இப்படிக் கையெழுத்தைப் பாத்து எழுதணுமா?"

எமிலுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. "நானா?" என்றார்.

"நீ இல்லன்னா நல்லதுதான். ஒரு சின்ன சோதனை வச்சுப் பாத்துரலாம்." லோவல் ஒரு தாளையும் பேனாவையும் கொடுத்தார். "நான் சொல்லச் சொல்ல எழுது. காது கேளாமை..."

எமில் கோட்டோடு குனிந்து எழுதினார். முப்பது வருஷம் டிராமின் பிரேக் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து அவர் கைக்கு ஒரு நடுக்கம் உண்டு. பெல்ஸ்கி தின்ற மாத்திரைகளால் அவர் கைக்கும் ஒரு நடுக்கம் உண்டு. லோவல் தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"அதே நடுக்கம், பாருங்க."

"அது எல்லாத்துலயும் வரும், லோவல். நான் கேஸ் பில்லுல கையெழுத்துப் போட்டாக்கூட..."

"கையத் தூக்குங்க," என்றார் லோவல், மற்ற இருவரையும் பார்த்து. "போலின்னு நெனக்கிறவங்க."

பெர்னியின் சிரிப்பு நின்றிருந்தது. அவர் தொலைபேசியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார். ஒரு நாளைக்கு எத்தனை மாணவர்கள் அந்த எண்ணைச் சுழற்றியிருப்பார்கள்? மன்கூஸோ தன் வலது காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஹோட்டலில் லிஃப்ட் ஒன்றுதான், அதில் ஏறி இறங்கிய கால்கள் எத்தனையோ. முதலில் மன்கூஸோவின் கை எழுந்தது. பிறகு பெர்னியுடையது, தோள் வரைக்கும்.

"சரி," என்றார் எமில். தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "அந்தத் தட்டு?"

"அது ஆதாரம். இங்கதான் இருக்கணும்."

"சரி. படியில என் குஷன் இருக்கு. அத எடுத்துக்கிறேன்."

குஷனைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியேறிப் போனார். மேலே ஈடித்திடம் குளிரைப் பற்றி ஏதோ சொல்வதும், வாசல் கதவு சாத்துவதும் கேட்டன. சாண்ட்விச் பொட்டலத்தை மேஜையிலேயே விட்டுப் போயிருந்தார். சிறிது நேரம் யாரும் அதைத் தொடவில்லை. பிறகு பெர்னி ஒன்று எடுத்தார். கடுகுச் சாந்து கொஞ்சம் தூக்கல் என்று மூவரும் ஒப்புக்கொண்டார்கள். இத்தனை வருஷத்தில் அதை எமிலிடம் யாரும் சொன்னதில்லை. மனசு புண்படுமே என்று.

மூன்றாவது தட்டு மே மாதமே கிடைத்தது. நகரத்தின் நடுவிலிருந்த ஒரு பழைய தட்டுக் கடையில், அதே பச்சை மை. லோவல் வாங்கினார். ஆதாரத்துக்குத் துணை ஆதாரம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நான்காவது ஜூனில், ஒரு விதவை வீட்டு வாசலில். 1951-ல் வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராகச் சாகிற வயது வந்திருந்தது. மன்கூஸோ தன் தொழில் செய்திகளைக் கதையாகச் சொல்லும்போதெல்லாம் லோவல் செத்தவர்களின் பெயர்களைக் குறித்துக்கொண்டார். சனிக்கிழமைகளில் நோயாளிகளைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். எங்கெல்லாம் சாமான்களை வெளியே எடுத்துப் போடுகிறார்களோ அங்கெல்லாம் காரில் போய் இறங்கினார்.

ஒருமுறை பல் மருத்துவமனையில் கதவைச் சாத்திக்கொண்டு, பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து ஐந்தாவது தட்டின் எழுத்தைத் துடைக்கப் பார்த்தார். பஞ்சு லேபிளுக்கு ஒரு அங்குலம் மேலேயே நின்றுவிட்டது. எத்தனை பேருக்கு எழுதியிருந்தாலும் அது பெல்ஸ்கியின் கை. உடைக்கவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. நிலவறையில் வெந்நீர்க் கொதிகலனுக்குப் பின்னால் எல்லாவற்றையும் ஒரு பழைய போர்வையில் சுற்றி வைத்தார். துணி காயப் போட வந்த ஈடித் பார்த்துவிட்டாள்.

"லோவல், இது எல்லாம் ஒரே ரெக்கார்டா?"

"இல்ல. அச்சு வேற வேற."

"மேல ஒரே படம் இருக்கு."

"உனக்கு அது புரியாது, ஈடித்."

"புரியலதான்," என்று சொல்லிவிட்டு அவள் கூடையை எடுத்துக்கொண்டு போனாள்.

எமிலின் இடத்துக்கு வேறு யாரும் வரவில்லை. ஜூலைக் கூட்டத்தில் மன்கூஸோ, சாண்ட்விச்சுக்கு ஏதாவது ஏற்பாடு செய்ய வேண்டும் என்று ஒரு தீர்மானம் கொண்டு வந்தார். நிறைவேறியது. லோவல் தன் தட்டை எடுத்துக் காட்டினார். கையுறை, பக்கவாட்டு முகம், எல்லாம் இருந்தன. மற்ற இருவரும் தலையசைத்தார்கள். யாரும் லேபிளை நெருங்கிப் பார்க்கவில்லை.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை காலை, ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு சிறிய சர்ச்சின் கூடத்தில் லோவல் முட்டி போட்டு, சோப்பு வாசம் அடிக்கும் அட்டைப் பெட்டிக்குள் விரல்களை ஓட்டிக்கொண்டிருந்தார். அங்கே இருந்தது. உறையிலிருந்து பாதி இழுத்துப் பார்த்தார். பச்சை மை. பதினோராவது. மேஜைக்குப் பின்னால் இருந்த அம்மாள் அதை ஒரு பையில் போட்டுக்கொண்டே, "பியானோ பிடிக்குமா உங்களுக்கு?" என்று கேட்டாள்.

"ஒரு நண்பருக்கு."

"இதே ரெக்கார்டு உள்ள இன்னும் ரெண்டு கெடக்கு. யாரும் சீந்த மாட்டேங்கறாங்க, குப்பையில போட்டுரலாம்னு இருக்கோம்."

லோவல் கூடத்தைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். தெரிந்த முகம் எதுவும் இல்லை.

"அதுல பேனாவால ஏதாவது எழுதியிருக்கா?"

"தெரியலீங்களே. எடுத்துட்டு வந்து பாக்கட்டுமா?"

"பாக்க வேண்டாம்," என்றார் லோவல். "ரெண்டையும் குடுத்துருங்க."