பூஜை அலமாரியில் ஒரு டேப்லெட்

நிஜாம்பேட்டை அடுக்ககத்தில் சக்ரதரின் வீட்டுக் கதவில் பித்தளைப் பலகை மின்னுகிறது: 'சக்ரதர், சான்று பெற்ற நெட்வொர்க் வல்லுநர்'. அந்தச் சான்று இந்தச் சனிக்கிழமையோடு காலாவதியாகிறது என்பதைப் பலகை சொல்லாது. மறுபடி எழுதித் தேறாவிட்டால், அலுவலகத்தில் அவருடைய குழுத் தலைவர் நாற்காலியில் புனேயிலிருந்து யாரோ ஒருவர் வந்து உட்காருவார்.

அவர் சும்மா இருந்துவிடவில்லை. அமீர்பேட்டை சேஷு சாரிடம் போனார். சேஷு சார் நெட்வொர்க் கற்றுக்கொடுப்பவர் அல்லர், தேர்வில் தேற வைப்பவர். அது வேறு தொழில். முன்பு எழுதியவர்கள் மனதில் ஏற்றிக்கொண்டு வந்து கொட்டிய கேள்விகளையெல்லாம் சக்ரதரின் டேப்லெட்டில் போட்டுக் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"கேள்வியைப் படிக்காதீங்க சார். படிச்சா யோசிக்கத் தோணும், யோசிச்சா தப்பாயிடும். படத்தைப் பாருங்க, எழுத்தைச் சொல்லுங்க."

சொல்வதற்கு ராகமும் அவரே போட்டுக் கொடுத்தார். கோயில் ஒலிபெருக்கி ராகம், வார்த்தைகள் அசல் தெலுங்கு. சிவப்புக் கோடு வந்தால் பி, பி. அறுந்த கோடு வந்தால் டி, டி. நாலு பெட்டி வந்தால் ஏ. சக்ரதர் அதைத் தன் குரலிலேயே டேப்லெட்டில் பதிந்து, தினமும் காலையில் தானாகவே ஒலிக்கும்படி வைத்துக்கொண்டார். அதோடு சேர்ந்து முணுமுணுத்தபடி வராந்தாவில் நடப்பார்.

"சக்ரதர் காரு, ஏதாவது வேண்டுதலா?" என்றார் எதிர்வீட்டு நரஹரி.

"இது பெரிய படிப்பு சார், உங்களுக்குப் புரியாது. உலகத்துல எந்த ஆபீசுக்கு வேணா போங்க, கம்ப்யூட்டர் ரூமைத் திறந்தா உள்ள நம்ம தெலுங்காள் ஒருத்தன் உக்காந்திருப்பான்."

"அவனும் இப்படி முணுமுணுத்துக்கிட்டேதான் உள்ள போனானா?"

தேர்வை வீட்டிலிருந்தே மடிக்கணினியில் எழுதலாம். வெளிநாட்டில் யாரோ ஒருவர் கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டே இருப்பார். அறையில் ஆள் கூடாது. போன், டேப்லெட் கூடாது. கடைசி விதியைச் சக்ரதர் தேர்வு நாள் விடியற்காலையில்தான் படித்தார். படித்ததும் சமையலறைக்கு ஓடினார்.

"ஹைமா, உதடு அசையக் கூடாதாம்."

"அசைக்காதீங்க" என்றாள் மனைவி.

"அசைக்காம எனக்கு எப்படி வரும்?"

"எங்கண்ணன் வந்தா ஒரு வார்த்தை பேசாம உக்காந்திருப்பீங்களே, அப்படி உக்காருங்க."

டேப்லெட்டை அவளிடம் நீட்டினார். "இதை என் கண்ல படாத எடத்துல வை."

பஞ்சாங்கத்தில் வர்ஜ்யம் என்னும் கெட்ட நேரம் கழிந்து நல்ல நேரம் பிறந்ததும், காலையிலேயே தேர்வு தொடங்கியது. அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னார்கள், காட்டினார். ஈசானிய மூலையில் மணி தொங்கும் பூஜை அலமாரியைத் திறக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

முதல் கேள்வியில் சிவப்புக் கோடு. உதடு தானாகத் துடித்தது. திரையில் எழுத்து வந்தது: 'உதடுகளை அசைக்க வேண்டாம்.' கீழுதட்டைக் கடித்துக்கொண்டார். அடுத்ததில் நாலு பெட்டி. 'இறுதி எச்சரிக்கை. மீண்டும் நேர்ந்தால் தேர்வு ரத்து.' மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தும் சட்டை முதுகோடு ஒட்டியது. உதட்டில் உப்புக்கரித்தது. வியர்வையா இரத்தமா என்று பார்க்கவும் பயம்.

அப்போதுதான் முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது. சிவப்புக் கோடு வந்தால் பி, பி. அவருடைய குரலேதான். பூஜை அலமாரிக்குள்ளிருந்து, ராகம் பிசகாமல்.

எழுந்தால் ரத்து. வாயைத் திறந்தால் ரத்து. சும்மா இருந்தால் அது பாட்டுக்கு விடைகளை ஒவ்வொன்றாகப் பாடிக்கொண்டே போகும்.

'அது யார் குரல்?'

விசைகளைத் தட்டினார்: 'பிரார்த்தனை.'

'கேமராவை அந்தப் பக்கம் திருப்பவும்.'

திருப்பினார். மூடிய கதவுகளில் சந்தனப் பொட்டு. இடுக்கு வழியே ஊதுபத்திப் புகை. உள்ளே அறுந்த கோடு, டி, டி. பதில் வர ஒரு யுகம் ஆயிற்று.

'உங்கள் வழிபாட்டை மதிக்கிறோம். தொடரலாம்.'

மிச்சத்தை எப்படி எழுதினார் என்று அவருக்கே தெரியாது. முடிவில் தேர்ச்சி என்று பச்சை எழுத்து வந்தது. கூடவே கீழே ஒரு வரி: 'ஒலிப்பதிவு மறுஆய்வுக்குச் செல்கிறது. பிரார்த்தனையின் மொழி அறிந்த எங்கள் ஊழியர் ஒருவர் கேட்டு உறுதிசெய்த பின்னரே சான்று வழங்கப்படும்.'

ஹைமா உள்ளே வந்து அலமாரியைத் திறந்தாள். பாலாஜி படத்தின் காலடியில், குங்குமப் பொட்டும் சாமந்திப்பூவுமாக டேப்லெட் சாய்ந்திருந்தது.

"கண்ல படாத எடம்னு சொன்னேனே."

"உங்க கண்ல படலயே. சாமி கண்ல படட்டும்னு வச்சேன், நீங்க படிச்சதெல்லாம் அதுலதானே இருக்கு. பாஸா?"

"பாஸ்தான்." திரையில் கீழே இருந்த வரியை மறுபடி படித்தார். "ஹைமா, அங்க நம்ம தெலுங்காளுங்க யாரும் இருக்க மாட்டாங்கல்ல?"

"அதெப்படி இல்லாம இருப்பாங்க? எந்த ரூமைத் திறந்தாலும் உள்ள ஒருத்தன் உக்காந்திருப்பான்னு நீங்கதானே ஊரெல்லாம் சொல்றீங்க."

சக்ரதர் சாமி படத்தின் முன்னால் போய் நின்று கைகூப்பினார். உலகத்தில் ஒரே ஒரு அலுவலகத்திலாவது தெலுங்காள் இல்லாமல் இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டார். உதடு நன்றாகவே அசைந்தது.